ஏழாம் நம்பர் ஹெட்செட்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து விடாத தூறல். மொட்டைமாடித் துணியெல்லாம் உள்ளே. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. இந்த ஈரக் காற்றுக்குப் பாவு நூல் சொன்னபடி கேட்காது என்று தறியில் அப்பா புலம்பல்.

இன்றைய வேலை: ஹெட்செட் தேர்வு.

நேற்று அப்பா சென்னை போய் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், "விமானத்து சாமான்பா, அசையக்கூடாது" என்றாராம். பஸ்ஸே திரும்பிப் பார்த்ததாம். அதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து நாள் வைத்துப் பார்த்து ஒன்றைத் திருப்பித் தரவேண்டும் என்பது கடைக்காரர் பேச்சு.

ஏ பெட்டி: கனம். பேட்டரி கிடையாது. காதை இறுக்கிப் பிடித்தே இரைச்சலை வெளியே நிறுத்தும் வகை.

பி பெட்டி: லேசு. பேட்டரி உண்டு. உள்ளே ஒரு குட்டி மைக் என்ஜின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு எதிர்ச் சத்தம் போட்டு அமுக்கிவிடும்.

ஏன் திடீரென்று சொந்த ஹெட்செட்? வீட்டில் சொன்ன காரணம்: ஃப்ளையிங் ஸ்கூலில் கொடுத்த ஏழாம் நம்பர் ஹெட்செட் நடுவானத்தில் காலை வாரிவிட்டது. எங்கள் இரண்டு சீட்டு விமானம் தகர டப்பா மாதிரி அதிரும். அதில் ரேடியோ கேட்காவிட்டால் கதை முடிந்தது. ஆகவே சீஃப் சார், எங்கள் தலைமைப் பயிற்சியாளர், பழைய ஏர்ஃபோர்ஸ் ஆள், "சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வா, அப்புறம் தனியாப் பறக்கலாம்" என்றார். மழைக்காக ஸ்கூலும் இரண்டு வாரம் லீவு.

இதில் சீஃப் சொன்னது நிஜம், மழை நிஜம். ஏழாம் நம்பரில் ஒரு கோளாறும் இல்லை.

எழுதிவிட்டேன். இந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள். உள்ளே பாடம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 12, புதன்

வெயில். துணி திரும்ப மாடிக்கு.

நடந்ததை அப்படியே எழுதிப் பார்க்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, காகிதத்திடமாவது.

போன மாதக் கடைசி. நான் இடது சீட், சீஃப் வலது சீட். இறங்குவதற்காக ஓடுபாதைக்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தேன். டவரிலிருந்து குரல்: நேராகவே போ, திரும்பாதே, உனக்கு முன்னால் இன்னொரு விமானம் இறங்குகிறது. தெளிவாகத்தான் வந்திருக்க வேண்டும், சீஃபுக்குக் கேட்டதே. என் காதில் விழுந்தது எங்கள் விமானத்தின் பெயர் மட்டும். மனசு முழுக்க இறங்கும் வேலையில். பெயர் வந்தவுடன் வாய் தானாக, "ராஜர்." அதாவது, கேட்டேன், புரிந்தது. சொல்லிவிட்டு ஓடுபாதைப் பக்கம் திரும்பினேன்.

சீஃப் கட்டுப்பாட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது என் பேட்ச் பையன் ஒருவன், அன்றுதான் முதல்முறை தனியாகப் பறக்கிறான். அவனுடைய வால் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. இன்னும் கண்ணை மூடினால் அது.

கீழே வந்ததும் சீஃப் கேட்டார், "டவர் சொன்னது கேட்டுதா இல்லையா?"

"விட்டு விட்டுதான் வந்துது சார். ஹெட்செட் சரியில்ல."

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வந்தது, சொன்னேன். அவர் ஸ்டோர் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். காலையில் ஏழாம் நம்பரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் ரஹ்மத் அண்ணன். (இனி ர.அ.) ஸ்கூல் ஸ்டோர் அவர் பொறுப்பு. ஆற்காட்டுக்காரர். ஹெட்செட் ஒவ்வொன்றையும் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைத்து வைப்பார். விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொல்லி மறுநாளே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அந்த "ராஜர்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தறியிலிருந்து. கோர்வைப் புடவைக்குக் கரை தனி, உடல் தனி. அப்பா உடல் நெய்ய, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் வைத்த கட்டை, தள்ளவேண்டும். பள்ளிக்கூட நாளெல்லாம் அந்த ஆள் நான்தான். இழை போனதும் "ம்" சொல்லவேண்டும். அந்த "ம்" கேட்டுத்தான் அப்பா அடுத்த மிதி மிதிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் "ம்" என்று கணக்கில்லை. கடைசியில் கை ஒரு பக்கம், மனசு எங்கேயோ, வாய் மட்டும் தாளத்துக்கு "ம்." தறியில் அப்படிச் சொன்னால் கரையில் ஓர் இழை விட்டுப்போகும். பிரித்து நெய்துகொள்ளலாம்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம்.

ஹெட்செட் சோதனையை அப்பா தன் கையில் எடுத்துக்கொண்டார். ஏ-யை மாட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்து பத்து நிமிடம் நெய்தார். அப்புறம் பி-யை. முடித்துவிட்டுத் தீர்ப்பு: "இந்த பேட்டரி உள்ளது சும்மாம்மா. கட்டை சத்தம் அப்படியே காதுல வந்து உழுது. மொதல்ல போட்டதே தேவலாம்."

அவர் மேல் தப்பில்லை. எதிர்ச் சத்தம் போடுகிற வகை, ஒரே சீராக இரைகிற ஆழ்ந்த சத்தத்தைத்தான் அமுக்கும். தறியோ டக் டக்கென்று வெட்டி வெட்டி அடிக்கும். அதை அது பிடிப்பதற்குள் சத்தம் காதுக்குள் வந்துவிடும். விமான ஹெட்செட்டைத் தறியில் சோதித்து நிராகரித்த ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்கும். சிரித்தேன். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

பிறகு அம்மாவின் கிரைண்டரை ஓடவிட்டு, பி-யை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். கிரைண்டர் காணாமல் போயிற்று. அப்பா மாட்டிப் பார்த்தார். கழற்றினார், மாட்டினார், கழற்றினார். மாவு நைந்துவிட்டது என்று அம்மா வந்து சத்தம் போடும்வரை.

சாயங்காலம் ர.அ. போன். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஹெட்செட் வாங்கப் போகிறேன் என்று பேட்ச்காரர்கள் சொன்னார்களாம், பார்த்து வாங்கச் சொல்லக் கூப்பிட்டாராம். அவர் சொன்னது, குறித்துக்கொண்டபடி:

பிளக் இரண்டு இருக்கிறதா பார். ஒன்று கேட்க, ஒன்று பேச. ஒற்றை பிளக் என்றால் ஹெலிகாப்டருக்கு, வேண்டாம்.
கடையில் இரண்டு நிமிடம் மாட்டினால் எல்லாமே சுகம். இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய். உச்சந்தலை வலித்தால் விடு.
உனக்குக் கண்ணாடி. காம்பு போகிற இடத்தில் மெத்தை தூக்கிக்கொள்ளும், அந்த இடுக்கில் சத்தம் நுழையும். மெத்தை ஜெல் வைத்ததா பார்.
பேட்டரி செத்தாலும் ரேடியோ கேட்கவேண்டும். கட்டாயம் கேட்டு வாங்கு.
மைக் உதட்டை ஒட்டினாற்போல்.

ஒவ்வொன்றுக்கும் நான் "ம்." வேலை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வைக்கும்போது, "நல்லா பறக்கணும் பாப்பா" என்றார்.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஏ: ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன். உச்சந்தலையில் விண்விண். கண்ணாடிக் காம்பு பொட்டில் பதிந்து கோடு. தோடு குத்துகிறது. கழற்றியபோது காது இரண்டும் வெந்த மாதிரி.

பி: இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். மறந்தே போனேன். காம்பு இடுக்கில் கொஞ்சம் சத்தம் வந்தாலும் எதிர்ச் சத்தம் ஈடுகட்டுகிறது. மெத்தை ஜெல். வியர்வை மட்டும்.

மாடியில் பி-யோடு நடந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கீழே யாரிடமோ, "பாவம், காதுல டிபன் பாக்ஸ கட்டிக்கினு சுத்துது. பைலட்டாம்." பேட்டரியைப் போடவில்லை, அதனால் கேட்டது.

வியர்வைக்கென்று அம்மா மிச்சப் பட்டுத் துண்டில் மெத்தைக்கு உறை தைத்துவிட்டாள், அரக்குக் கலர், ஓரத்தில் ஜரிகை வேறு. பட்டு வழுக்கும், மெத்தை காதில் ஒட்டாது, சத்தம் நுழையும் என்று எரிந்து விழுந்தேன். பேசாமல் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள். தப்பு செய்தவள் நான், முகம் சுண்டிப் போனவள் அவள். சாயங்காலம் காமாட்சி கோயிலுக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். அங்கே போய் என்ன கேட்பது.

நவம்பர் 15, சனி

லேசான மழை.

ஒரு யோசனை. என் காதிலேயே கோளாறு என்றால்? அப்போது நான் சொன்னது முழுப் பொய் ஆகாது. மெடிக்கல் சர்டிபிகேட் போய்விடும், பறக்க முடியாது. ஆனால் பொய்க்காரி ஆகமாட்டேன். இரண்டில் எது தேவலாம் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். பைலட் ஆகவேண்டியவள் செவிடாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறேன். என் லட்சணம் அது.

பெரிய காஞ்சிபுரத்தில் காது சோதிக்கிற இடம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் வந்தால் பட்டனை அழுத்தவேண்டும். பீப். அழுத்து. பீப். அழுத்து.

கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து சோதித்த பெண்மணி கதவைத் திறந்தார். "ஏம்மா, நான் சத்தமே குடுக்கல. நீங்கபாட்டுக்கு அழுத்திக்கினே இருக்கீங்க?"

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

சிலபேர் அப்படித்தான், தாளத்தில் அழுத்திவிடுவார்கள், அதற்காகவே நாங்கள் நடுவில் நிறுத்துவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டால் மட்டும் அழுத்தச் சொல்லி மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பேப்பரில் இரண்டு கோடும் மேலேயே நேராக. "சூப்பர் காதும்மா உங்களுக்கு."

ஆக, ஹெட்செட் நல்லது. காது நல்லது. மிச்சம் இருப்பது நான்.

நவம்பர் 16, ஞாயிறு

இதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

பதினொரு மணிக்கு வாசலில் ர.அ. வெள்ளைச் சட்டை, கையில் மக்கன்பேடா இனிப்புப் பெட்டி. இங்கே ஒலிமுகமதுபேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாம். வந்த கையோடு ஹெட்செட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

"ஸ்கூல்ல வேலை செய்யறவரு" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். ஸ்டோர்காரர் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெத்தையை அமுக்கினார், ஒயரை இழுத்தார், பிளக்கைத் துடைத்தார். பி-யை என் தலையில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இறக்கி, மைக்கை உதட்டுக்கு நேரே வளைத்தார். பி-தான் என்று முடிவானது. கண்ணாடிக்காரிக்கு இதுதான் என்றார். அம்மா காபி கொண்டுவந்தாள்.

அப்பாவுக்கு உற்சாகம். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "பாருங்க பாய், ஸ்கூல்ல எவனோ ஒருத்தன் செக் பண்ணாமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறான். சோம்பேறிப் பய. எம்பொண்ணு போய்ச் சேந்திருந்தா அவனா வந்து தூக்குவான்?"

காபி டம்ளர் ர.அ. கையில் அப்படியே நின்றது. என் தலையில் இன்னும் ஹெட்செட். கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"தப்புதாங்க" என்றார் ர.அ. "பாத்து குடுத்திருக்கணும்."

அதற்குமேல் அப்பா என்னென்னவோ பேசினார். ர.அ. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், காபியைக் குடித்து முடித்தார், கிளம்பினார். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன். ஆட்டோவைக் கை காட்டி நிறுத்திவிட்டு அவர்தான் சொன்னார்:

"அன்னிக்கு சாயந்தரமே ஏழாம் நம்பரைப் போட்டுக்கினு என்ஜின் பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னேன் பாப்பா. நல்லாத்தான் பேசிச்சு."

"ஏண்ணா சீஃப் கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா, வேலைக்குப் பயந்து சொல்றான்னு வெச்சுக்குவாங்க. நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருக்கேன். வியாழக்கிழமை முடிவு பண்றாங்களாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்கிற மாதிரி சொன்னார். போனில் ஹெட்செட் யோசனை சொன்னபோதே அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

சாப்பிடவில்லை. மக்கன்பேடாவை அம்மா தட்டில் வைத்தாள். அதையும்.

நவம்பர் 17, திங்கள்

சீஃபுக்கு மெயில். எழுதி அழித்தவை:

"அன்று ஒரு சிறு குழப்பம் ஏற்பட்டது." (யாருக்கு?)
"காற்று இரைச்சலில் தெளிவாகக் கேட்காததால்." (பொய்.)
"ஹெட்செட் பற்றி நான் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது." (செருப்பால் அடிக்கவேண்டும்.)
"பதற்றத்தில்." (பதற்றமே இல்லை.)

அனுப்பவில்லை.

முதலில் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று மத்தியானம் தறிப் பக்கம் போனேன். கரைப் பக்கம் அம்மா. தறி ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே சொன்னேன்: "அப்பா, ஹெட்செட்ல ஒண்ணும் இல்ல. நான்தான் கேக்காம ராஜர் சொன்னேன். அந்த பாய்தான் ஸ்டோர்காரரு." அப்பா என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினாள்.

தறி ஓடும்போது இந்த வீட்டில் யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்த நேரத்தில் போனேன்.

இழை அறுந்து தறி நின்றது. "இன்னாமோ சொன்னியே?" என்றார் அப்பா.

"ஒண்ணுல்ல. பி பெட்டிய வெச்சுக்கலாம்னு."

சீ.

நவம்பர் 18, செவ்வாய்

மழை இல்லை. காற்று.

காலையில் அப்பா தறியில் இறங்குவதற்கு முன்னால், மிதி இருக்கும் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். வீடு நிசப்தம். ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முந்தாநேத்து வந்தாரே, அவருதானா?"

"ஆமா."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். "என் வீட்டுல உக்கார வெச்சு, என் காபியக் குடுத்து..." என்றார். முடிக்கவில்லை. தறியில் இறங்கவும் இல்லை. நல்ல முகூர்த்த சீசன், கையில் அவசரப் புடவை. அம்மா கரைப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பத்தரைக்கு சீஃபுக்குப் போன். மெயில் வேண்டாம், அதில் மறுபடி அழகாக எழுதிவிடுவேன்.

சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அப்ப என்னதான் கேட்ட?" என்றார்.

"விமானத்தோட பேரு மட்டும் சார். மிச்சம் கேக்கல. கேட்டேன்னு சொன்னேன். ஹெட்செட் நல்லா இருந்துது. ரஹ்மத் அண்ணன் சரியாத்தான் குடுத்தாரு."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

பிறகு பேசினார், வேகமாக, பாதி இங்கிலீஷில். ர.அ.வை நாளைக்கே கூப்பிடுவார். என் வாக்குமூலம் கையெழுத்தோடு வேண்டும். தனியாகப் பறப்பது இப்போதைக்கு இல்லை. எப்போது என்று கேட்கக்கூடாது. வேண்டுமானால் வந்து டவர் கீழ் அறையில் உட்கார்ந்து, வருகிற ரேடியோ பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுது, அதைப் பார்த்து முடிவு செய்கிறேன். முன்னால் இறங்கிய அந்தப் பையனுடைய அப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் தெரியுமா என்றார். அதற்கப்புறம் இன்னும் ஏதோ. என் வாய் "எஸ் சார்" என்று திறந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். கடைசியாகச் சொன்னது கேட்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அந்தப் பையனிடம் போய் நீயே சொல்லவேண்டும், அதுதான் அது.

வேலை முடிந்தது, நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ர.அ.வுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தொழுகை நேரமாக இருக்கலாம். எடுக்கப் பிடிக்காமலும் இருக்கலாம்.

நவம்பர் 19, புதன்

காலை ஐந்தரை. அப்பா குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். நேற்று முழுக்க தறி நின்றது, இன்றும் நிற்கும் போல. ர.அ. ஊருக்கு, ஆற்காட்டுக்கு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நானும் வருகிறேன், இரண்டு நிமிடத்தில் கிளம்புகிறேன் என்றேன்.

"நீ வர வேணாம். ஒன் தப்ப நீ சொல்லிட்ட." செருப்பை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சோம்பேறிப் பயன்னு சொன்னது நான்."

குடையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. தூறலிலேயே நடந்து போனார்.